பொம்மை இல்லாத தவக்காலம்

கள்ளிக்குப்பம்
9 மார்ச் 2025, ஞாயிறு

பெனிட்டோவுக்கு,

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நீங்கள் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக் கண்ணம்மா அக்கா கையில் கரண்டியோடு படியேறி வந்துவிட்டார். "இன்னா ரெனிதா, உன் ஊட்டுக்காரரு மஸ்கட்ல கீறாரா, மாடில கீறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரம்மாவிடம் இப்படி மானம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. போனில் பேசினால் நானும் பதிலுக்குக் கத்துவேன், ஃபெபி நடுவில் நின்று திருதிருவென்று விழிப்பாள். அதனால் இனி நமக்குள் மெயில்தான். வெள்ளிக்கிழமைகளில் போனை அவளிடம் கொடுத்துவிடுகிறேன், நீங்களும் உங்கள் மகளும் பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொம்மை அலமாரி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டீர்கள். என் அக்கா பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனா என்றும் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் அவ்வளவு சுலபமாக மறக்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நம் வீட்டில் அன்பியக் கூட்டம், தெருவில் உள்ள கோயில் குடும்பங்கள் எல்லாம் ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். மறுநாள் சாம்பல் புதன், ஈஸ்டர்வரை நாற்பது நாள் தவக்காலம் ஆரம்பம். ஜெபத்தை நடத்திய ராயப்பன் சார் வருஷாவருஷம் கேட்பதுபோல ஒவ்வொருவரையும் கேட்டார்: "இந்தத் தவக்காலத்துல நீங்க எதை விடப்போறீங்க? எதுக்காக வேண்டிக்கப்போறீங்க?" ஒருவர் டீயை விடுவதாகச் சொன்னார். இன்னொருவர் சீரியல். நான் கறி என்றேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் எழுந்து நின்று, "நான் பொம்மைய விடறேன்" என்றாள். சார் சிரித்தார். "எந்தப் பொம்மைம்மா?" என்றார்.

"எல்லா பொம்மையும்."

"என்ன வேண்டுதல்?"

"அதைச் சொல்லமாட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வயசுப் பிள்ளை! சரி, விளையாட்டுக்குச் சொல்கிறாள், விடிந்தால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். காலையில் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்ததும் வராததுமாக அரிசிச் சாக்குகளைக் கேட்டாள். பேசும் நாய், ரிமோட் கார், சமையல் செட், பாட்டுப் பாடும் மீன், எல்லாவற்றையும் தன் கையாலேயே உள்ளே போட்டாள். என்னை நாற்காலி மேல் ஏற்றி, சாக்குகளை லாஃப்டில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

சாயந்திரத்துக்குள் அழுவாள் என்று காத்திருந்தேன். இன்றுவரை ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அத்தனை பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு "போர் அடிக்குது, போர் அடிக்குது" என்று என் உயிரை எடுத்த பிள்ளையா இது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். நானாக எதுவும் செய்யவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ரெனிதா


மஸ்கட்
11 மார்ச் 2025

ரெனி,

நம்பமாட்டேன். பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை, ஆனால் நம்ப முடியவில்லை.

ஆறு வயசுக்கு என்ன தவக்காலம்? சின்னப் பிள்ளைகளுக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது என்று திருச்சபையே சொல்கிறது. ராயப்பன் சாருக்கு இது தெரியாதா? அவள்தான் ஏதோ சொன்னாள் என்றால், உனக்கு எங்கே போயிற்று புத்தி? கை தட்டினார்களே, அதில் யாராவது தங்கள் வீட்டு டிவியைச் சாக்கில் கட்டினார்களா?

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஒரு மாலின் அடித்தளத்தில் ஏசி பிளான்ட். சூரியனைப் பார்ப்பது லீவு நாளில்தான். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் என் அறைக்காரன் அப்துல் ரசாக்கும் நானும் கடைக்குப் போவோம். அவன் ஆம்பூரில் இருக்கும் தன் பையன்களுக்காக கார் பக்கம் போவான். நான் பொம்மைப் பக்கம் போவேன். ஒவ்வொன்றுக்கும் பேட்டரி போட்டு, கடைக்காரன் முறைக்க முறைக்க ஓடவிட்டுப் பார்த்து, இதைப் பார்த்தால் என் பாப்பா என்ன சொல்வாள் என்று யோசித்து யோசித்து வாங்குவேன். வாரத்தில் நான் மனுஷனாக இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

போனில் அவளும் நானும் என்ன பேசுவோம் என்று நீ கேட்டிருக்கிறாய் அல்லவா? "அப்பா, நாய் பேசமாட்டேங்குது. அப்பா, கார் சக்கரம் கழண்டுடுச்சு." அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும். வெள்ளிக்கிழமை அந்த அலமாரி காலியாக இருந்ததைப் பார்த்ததும் அந்த வீட்டிலிருந்து என்னைத்தான் துடைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் கத்தினேன். பொம்மையும் இல்லையென்றால் அவளிடம் நான் என்ன பேசுவது? "சாப்பிட்டியா, படிச்சியா?" அதற்கு அப்புறம்?

உன் அக்காவைப் பற்றிச் சொன்னது தப்பு. கோபத்தில் வாய் தவறிவிட்டது.

சாக்கை இறக்கு. அலமாரி பழையபடி இருக்க வேண்டும். இந்த மாசத் தொடக்கத்திலேயே கார்கோவில் ஒரு பெட்டி போட்டிருக்கிறேன். பெரிய பொம்மை வீடு, உள்ளே விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும். அதைப் பார்த்ததும் தவக்காலமாவது ஒன்றாவது என்று ஓடி வருவாள் பார்.

பெனிட்டோ


கள்ளிக்குப்பம்
23 மார்ச் 2025, ஞாயிறு

பெனிட்டோவுக்கு,

சொன்னீர்களே என்று ஒரு சாக்கை இறக்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் ஹாலில் அதைப் பார்த்ததும் போட்ட கூச்சல் இருக்கிறதே, ஐயோ! "மேல போடு! மேல போடு! எல்லாம் கெட்டுடும்!" என்று காலைத் தரையில் உதைத்தாள். என்ன கெட்டுவிடும் என்று கேட்டதற்கும் அதே கூச்சல்தான். அழுத அழுகையில் எனக்கே பயம் வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி நாற்காலி ஏறினேன். பொம்மையை எடுத்துக் கொடுத்தால் பிள்ளை அழும் அதிசயத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். அவள் நன்றாக இருக்கிறாள். நான் அசந்துபோயிருக்கிறேன்.

நம் மாடிப்படிதான் இப்போது ரயில் பாதை. மேல்படி திருநின்றவூர், கீழே வாசல் சென்ட்ரல். இரண்டு வீட்டுச் செருப்புகளும் பிரயாணிகள். கண்ணம்மா அக்காவின் மகள் சிம்ரன்தான் டிக்கெட் பரிசோதகர், தினசரிக் காலண்டர் தாள் கிழித்து டிக்கெட். என் பாத்ரூம் செருப்பு டிக்கெட் இல்லாமல் ஏறியதால் அண்ணனூரில் இறக்கிவிட்டார்கள். ரப்பர் செருப்புகளுக்கு உட்கார இடம் கிடையாது. கேட்டால், "அது கம்பெனிக்குப் போற செருப்பும்மா, நின்னுகினேதான் போவும்" என்கிறாள். இதையெல்லாம் எங்கே பார்த்தாள்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "இன்னா", "போவும்" எல்லாம் சிம்ரன் உபயம், அதற்கு என்னைத் திட்டாதீர்கள்.

நேற்று கண்ணம்மா அக்கா கடைக்குக் கிளம்பி வாசலில் வெறுங்காலோடு நிற்கிறார். "என் செருப்பு ஒண்ணு ஆவடில நிக்குதாம், இன்னொண்ணு சிக்னல் கெடைக்காம பட்டாபிராம்லயே கீதாம். நான் இன்னாத்தப் போட்டுகினு போறது?" என்று சிரித்து மாளவில்லை அவருக்கு.

பொம்மை இருந்தபோது சிம்ரன் வந்தால் பத்து நிமிஷத்தில் "என்னோடது, உன்னோடது" என்று அடிதடி. இப்போது சண்டையே இல்லை, கிழிந்த செருப்புக்கு யார் சண்டை போடுவார்கள்? ஒரு விளையாட்டிலேயே மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்கிறாள். தானே வந்து சாப்பிடுகிறாள். கிளினிக் வேலையிலிருந்து களைத்து வந்தால் வீடு வீடாக இருக்கிறது. சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து கோயில் வாசலில் இதை எல்லோரிடமும் சொன்னேன், உண்மையில் பெருமைதான் அடித்துக்கொண்டேன். இரண்டு அம்மாக்கள் தங்கள் வீட்டிலும் பாதிப் பொம்மையைக் கட்டி மேலே போட்டுவிட்டார்கள்.

ஒன்றுதான் புரியவில்லை. உங்கள் பெட்டி வியாழக்கிழமை வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "இதை அப்பா எப்போ அனுப்பினாரு? தவக்காலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள். முன்னாடிதான் என்றேன். "அப்ப சரி" என்று மூச்சு விட்டாள். பிரிக்கவே இல்லை, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு முகம் ஏன் வெளுக்கிறது? அவள் பயந்ததுபோல இருந்தது.

ரெனிதா


மஸ்கட்
28 மார்ச் 2025, வெள்ளி

ரெனி,

இப்போதுதான் போனை வைத்தேன். உடனே எழுதுகிறேன்.

என்னை ரயிலில் ஏற்றிவிட்டாள்! "அப்பா, நீ எந்தச் செருப்பு? காட்டு" என்றாள். பிளான்ட்டில் போடும் இரும்பு வைத்த ஷூவைத் தூக்கிக் காட்டினேன். "ஐய, இது ரொம்பப் பெருசு, லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்" என்கிறாள். பக்கத்துக் கட்டிலில் ரசாக் உருண்டு புரண்டு சிரித்தான். நான் பழைய கம்பெனிக்குப் போகப் பட்டரவாக்கத்தில் இறங்கவேண்டும் என்றால் விடமாட்டேன் என்கிறாள், "நம்ம ஊடு அம்பத்தூர்லதான் கீது, நீ அங்கதான் எறங்கணும்" என்று ஒரே பிடி. எவ்வளவு நேரம் பேசினோம் என்றே தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. ஒரு பொம்மைகூட நடுவில் இல்லை. பொம்மை இல்லாவிட்டால் என்ன பேசுவது என்று உன்னிடம் புலம்பியவன் நான்தான், ஆடிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில்தான் ஏதோ கோளாறாகிவிட்டது. "அப்பா, அங்க கடையில பொம்மை இன்னும் இருக்கா, தீந்துடுச்சா?" என்று கேட்டாள். ஆகா, பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். "மலை மாதிரி குவிஞ்சிருக்குடா தங்கம், தீரவே தீராது, அப்பா இன்னும் நிறைய அனுப்பறேன்" என்றேன். முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. போனை உன் பக்கம் நீட்டிவிட்டாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன்? தவக்காலம் என்று ஆசையை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஆசை காட்டிவிட்டேனா? கேட்டுச் சொல்.

இன்னொரு விஷயம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறாயா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். ஏப்ரல் கடைசிக்குள் சொல்லவேண்டும். சரி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். நம் திருநின்றவூர் மனையில் வீட்டின் கீழ்த்தளம் எழும்பிவிட்டது, மாடியும் கட்டிவிட்டால் வாடகைக்கு விடலாம், அப்புறம் நிம்மதி. உனக்கும் சம்மதம்தான் என்று நினைக்கிறேன்.

பெனிட்டோ


கள்ளிக்குப்பம்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

என்னங்க,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று பூசை முடிந்து வந்து துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். படியில் இரண்டும் விளையாடிக்கொண்டிருந்தன. சிம்ரன் கேட்டாள்: "எல்லா பொம்மையும் மேல போட்டுட்டியே, எனக்காச்சும் ஒண்ணு குடேன். நீதான் வெள்ளாடலியே."

ஃபெபி சொன்னது அப்படியே என் காதில் விழுந்தது. ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"யாரும் வெள்ளாடக் கூடாது. எங்கப்பா எனக்குப் பொம்மை வாங்கத்தான் அங்க போனாரு. எனக்குப் பொம்மையே வேணாம்னா அவரு அங்க இன்னாத்துக்கு இருக்கணும்? ஈஸ்டருக்கு வந்துடுவாரு. நான் சேசுகிட்ட சொல்லிட்டேன்."

துணியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? முதல் தடவை ஏர்போர்ட்டில் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். மூன்று வயசு. அவளைப் பிய்த்து எடுக்க நான்தான் சொன்னேன்: "அப்பா உனக்குப் பொம்மை வாங்கப் போறாருடி." நீங்களும் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். லீவுக்கு வந்து திரும்பிப் போனபோது நீங்களே சொன்னீர்கள்: "இருந்ததெல்லாம் பழசாயிடுச்சு பாப்பா, புதுசு வாங்கிட்டு வந்துடறேன்." அதற்குப் பிறகு மாசம் தவறாமல் பெட்டி வந்தது. நாம் அதைப் பாசம் என்று நினைத்தோம். அவளுக்கு ஒவ்வொரு பெட்டியும் அப்பா இன்னும் வரப்போவதில்லை என்கிற சேதியாக இருந்திருக்கிறது.

அதனால்தான் பெட்டியைப் பார்த்துப் பயந்தாள். அதனால்தான் கடையில் பொம்மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். தீரவே தீராது என்று சொல்லிவிட்டீர்களே!

நான் இதைப் பக்தி என்று நினைத்தேன். ஊரெல்லாம் பெருமை பேசினேன். பெற்றவள் நான், ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது. அவள் ரயில் விட்டுச் சிரித்த சிரிப்பெல்லாம் பொய்யில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா வரப்போகிறார் என்ற தைரியத்தில்தான் சிரித்தாளா?

ஈஸ்டருக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது. நான் என்ன சொல்லட்டும் அவளிடம்?

ரெனிதா


மஸ்கட்
8 ஏப்ரல் 2025

ரெனி,

உன் மெயிலைப் பிளான்ட்டில் நின்றுகொண்டே படித்தேன். பம்ப் ஒன்று அலாரம் அடித்துக்கொண்டே இருந்ததாம், எனக்குக் கேட்கவில்லை. ரசாக் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். அவனிடம் சொன்னேன். "யா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பதிலாக அவனே பம்ப்பைப் பார்க்கப் போனான்.

மாதாவே, அந்தச் சின்ன மண்டைக்குள் இத்தனை கணக்கா? அவள் மேல் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. சொன்னதை நம்பினாள், நம்பினதை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நமக்குத் தோன்றாத வழி. நான் இங்கிருந்து அலமாரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, என்னை வரவழைக்கத்தான் பிள்ளை தன்னிடம் இருந்ததையெல்லாம் கட்டி மேலே போட்டிருக்கிறது.

ஈஸ்டருக்கு வர முடியாது. வெயில் காலத்துக்கு முன்னால் மெஷின்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை நடக்கிறது, ஒருவனுக்கும் லீவு இல்லை. கேட்டுப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.

நீ எதுவும் சொல்லாதே. பொம்மைக்காக நான் இங்கே வரவில்லை, வேலைக்கு வந்தேன், வீடு கட்ட வந்தேன் என்று வெள்ளிக்கிழமை நானே சொல்கிறேன். அவள் மேல் அந்தப் பாரம் இருக்கக் கூடாது. உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். புத்திசாலிப் பிள்ளை, புரிந்துகொள்வாள்.

பெனிட்டோ


கள்ளிக்குப்பம்
12 ஏப்ரல் 2025, சனி

என்னங்க,

நேற்று "நெட் கட் ஆயிடுச்சு" என்று மெசேஜ் போட்டீர்கள். கட் ஆகவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் விரல் திரைக்குக் கிட்டே வந்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

நீங்கள் சொன்னவரை நன்றாகத்தான் சொன்னீர்கள். வீடு கட்ட என்றதும் "இப்பவே ஊட்லதானே கீறோம்?" என்று கேட்டாள், அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். ஈஸ்டருக்கு வரமுடியாது என்றதையும் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள்: "நான் பொம்மைய விட்டேன். நீ இன்னா விட்டே?" சண்டைக்குக் கேட்கவில்லை. அன்பியத்தில் ராயப்பன் சார் கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மடியில் போட்டுக்கொண்டிருப்பேன். படியில் கிடந்த செருப்புகளை அடுக்கிவைத்துவிட்டு வந்தாள். "இனிமேல் விரதம் வேணாம்டி, பொம்மையை இறக்கிடறேன்" என்று எல்லாச் சாக்கையும் இறக்கிப் பிரித்து வைத்தேன். உள்ளே கை விட்டுத் துழாவி, காது பிய்ந்த துணி முயலை மட்டும் எடுத்துக்கொண்டாள். "இது போதும். மத்ததெல்லாம் யாருக்காச்சும் குடுத்துடு" என்றாள். சிம்ரனையே கூப்பிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் இருந்த உங்கள் பெட்டியைப் பிரித்து, பொம்மை வீட்டை வெளியே வைத்துவிட்டு, அட்டையில் ஜன்னல் வெட்டி அம்பத்தூர் ஸ்டேஷன் கட்ட ஆரம்பித்தார்கள். சத்தம், சிரிப்பு, எல்லாம் பழையபடி.

போன மாசமாக இருந்தால் இதையும் கோயில் வாசலில் போய்ச் சொல்லியிருப்பேன். நேற்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. வரப்போகிறார் என்ற தைரியத்தில் சிரிக்கிறாளோ என்று எழுதினேனே, அது இல்லை. நீங்கள் வரவில்லை என்று தெரிந்த பிறகும் சிரிக்கிறாள். இருப்பதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்க அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொம்மை இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டதுபோல நீங்கள் இல்லாமல் இருக்கவும் பழகிக்கொள்வாள். கஷ்டப்படாமலே பழகிக்கொள்வாள். இன்னும் இரண்டு வருஷம் கழித்து நீங்கள் வந்து நின்றால், அந்தச் சாக்கைப் பார்த்ததுபோல உங்களைப் பார்த்துவிட்டுத் தன் விளையாட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

மாடி கட்ட இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருப்பதற்கு எனக்கும் சம்மதம்தான் என்று நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். சம்மதமில்லை. நான் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். முடிவு உங்களுடையது.

நாளை குருத்தோலை ஞாயிறு. அவளுக்கு வெள்ளைக் கவுன் இஸ்திரி போடவேண்டும்.

ரெனிதா


மஸ்கட்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

ரெனி,

இத்தனை நாள் பதில் போடவில்லை. போட முடியவில்லை.

நெட் கட் ஆகவில்லை. ஆமாம். அவள் அப்படிக் கேட்டதும் நான்தான் போனை வைத்தேன். யோசித்துப் பார்த்தேன், நான் எதையுமே விட்டதில்லை. உங்களுக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். பொம்மையை விட்டவள் அவள், உன் பக்கத்தில் ஆள் இல்லாமல் சமாளிப்பவள் நீ. நான் விட்டது உங்கள் இருவரையும்தான்.

பெரிய வியாழன் அன்று மேனேஜரிடம் போய் ஒப்பந்தம் நீட்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேறு கம்பெனி கூப்பிடுகிறதா?" என்றார். வீடு கூப்பிடுகிறது என்றேன். பைத்தியமா என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கே அதிர்ச்சி.

அன்று வியாழன், ரசாக் கடைப் பக்கமே போகவில்லை. மறுநாள் பார்த்தால், ஆம்பூருக்குப் போன் போட்டுப் பையன்களிடம் "என்ன விளையாடுறீங்க? எப்படி? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

பயமாக இருக்கிறது ரெனி, மறைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய கம்பெனியில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் இங்கே இருந்த சம்பளம் கனவில்தான். மாடி கிடையாது. கீழ்த்தளத்தையும் பூசாமலே குடிபோக வேண்டியிருக்கும். உனக்குச் சம்மதமில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மே கடைசியோடு வேலை முடிகிறது, ஜூன் முதல் வாரம் வந்துவிடுவேன். டிக்கெட் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாப்பாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், பிள்ளை பயந்துவிடும்.

பெனிட்டோ


கள்ளிக்குப்பம்
22 ஏப்ரல் 2025, செவ்வாய்

என்னங்க,

நிஜம்தானே? கிளினிக்கில் உட்கார்ந்து படித்தேன். நாலு தடவை படித்தேன். உள்ளே டாக்டர் மணி அடிக்கிறார், வெளியே பேஷண்டுகள் என்னையே பார்க்கிறார்கள், நான் டிக்கெட்டில் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி இருக்கிறேன். எனக்கும் பயம்தான். அதைவிட சந்தோஷம் அதிகமாக இருக்கிறது. பூசாத சுவரைப் பார்த்து யாரும் செத்துப்போகமாட்டார்கள், வாருங்கள்.

கண்ணம்மா அக்காவிடம் சொன்னேன். "மெய்யாலுமா சொல்ற? ஒரேடியா வந்துடறாரா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். "அப்ப ஊட்டக் காலி பண்ணிடுவீங்களா?" என்று உடனே கண்ணும் கலங்கிவிட்டது.

ஃபெபியிடம் சாயந்திரம் சொன்னேன். அவள் துள்ளிக் குதிப்பாள், என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா வராருடி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "எத்தினி நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. இனிமே இங்கதான்."

"லீவு முடிஞ்சிட்டா?"

"லீவே இல்லடி. வேலையையே விட்டுட்டாரு."

என் முகத்தையே பார்த்தாள். பெரிய மனுஷி பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "போம்மா, நீ இப்டித்தான் சொல்லுவே" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். டிக்கெட்டைக் காட்டினேன். அதையும் பார்க்கவில்லை.

அவள் மேல் தப்பில்லை. ஏர்போர்ட்டில் பொம்மைக் கதை சொன்னவளே நான்தானே. இனி நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். நீங்களே வந்து சொல்லுங்கள்.

ரெனிதா